மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருக்கும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த மனம் தாங்குமா?

கேட்டவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வார்டில் வகுப்பெடுக்க அழைத்திருக்கிறார்களாம். "பார்த்தாலே அழுதுவிடுவேன் போலிருக்கிறது, போகலாமா?" என்கிறார்.

போங்கள். அழுகை முதல் வாரத்தோடு சரி. பிறகு ஏழாம் வாய்ப்பாட்டை ஐந்தாவது தடவையாகத் தப்பாகச் சொல்லும் பையன்மீது எரிச்சல் வரும். அது வந்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

நான் பணி ஓய்வு பெற்றபின் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் இந்த வேலையைச் செய்கிறேன். வகுப்பறை என்று பெரிதாக எண்ண வேண்டாம். மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நீள மேசை, வெள்ளைப் பலகை, டிரிப்ஸ் ஸ்டாண்டை நிறுத்த இடம். கரும்பலகை வைக்கவில்லை, சாக்பீஸ் தூள் ஆகாது. உள்ளே நுழைந்ததும் சிஸ்டரிடம் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கேட்பதுதான் முதல் வேலை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இறங்கிய பிள்ளை அன்று வகுப்புக்கு வராது. நான்தான் முகக்கவசத்தோடு கட்டிலுக்குப் போவேன். முதுகில் ஊசி போட்ட நாளில் பாடமே கிடையாது.

வந்த புதிதில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டைத் திருப்பி நீட்டினாள். "மிஸ், நான் பல்லிக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்க்கவே இல்லை." வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள், நான் படிக்கிறேனா என்று பார்க்க! அடுத்த கட்டில் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அவளை யாரும் திட்டுவதில்லை, கேட்டதெல்லாம் கிடைக்கிறது. பெரியவர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டால் பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். அன்றே சிவப்புப் பேனா வாங்கினேன். 'பள்ளி' என்று இருபது தடவை எழுத வைத்தேன். முனகிக்கொண்டே எழுதினாள்.

ஆனால் எதைத் திருத்துவது, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்குப் போடும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பைத் தளர்த்தும், விரல்களில் பிடி இருக்காது. முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு 'ஞ' எழுதும்போது சுழி பாதியில் நின்றுவிடும். அதைச் சோம்பல் என்று நினைத்து நானே ஒரு முறை கோபித்திருக்கிறேன். இப்போது பென்சிலில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கிறேன், அதற்கும் முடியாவிட்டால் வாயால் சொல்லச் சொல்கிறேன். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் அகோரப் பசி. காரணமில்லாமல் அழுவார்கள், கத்துவார்கள். அப்போது வகுத்தல் கணக்கு இட்லியில்தான் நடக்கும். ஆறு பேருக்கு இருபத்துநாலு இட்லி என்றால் ஒருவருக்கு நாலு என்பது சரி, "நாலு போதாது மிஸ்" என்பதும் சரி.

அறிவியல்தான் சிரமம். விதை முளைப்பதைச் சொல்லித்தர மொச்சையும் மண்ணும் எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மண்ணிலும் செடியிலும் பூஞ்சை இருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டு ஜன்னலில் தேங்காய்த் தொட்டியில் ஊன்றி, தினமும் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒன்பதாம் நாள் செடியைப் பூனை தள்ளிவிட்டது. அதையும் பார்த்து வரைந்தார்கள், பூனையைச் சற்றுப் பெரிதாகவே.

நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காததையும் சொல்கிறேன். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. ஒரு பையனின் நோட்டு என்னிடம் தங்கிவிட்டது. கடைசி இரண்டு பக்கம் திருத்தாமல் இருந்தது. திருத்தி, ஒரு கழித்தலுக்குத் தப்பு போட்டு, பிறகுதான் அவன் அம்மாவிடம் கொடுத்தேன். வேறு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிழைத்து வருகிறவர்கள்தான் நிறையப் பேர். அவர்களுக்காக நீங்கள் போராட வேண்டிய இடம் வார்டு அல்ல, அவர்கள் படித்த பள்ளி. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நடக்கும். முதல் சில மாதங்கள்தான் மிகக் கடுமை. பிற்பாடு பெரும்பாலும் வீட்டில் மாத்திரைதான், டாக்டர் சொன்னால் பள்ளிக்குப் போகலாம். அதற்குள் சில பள்ளிகளில் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டிவிடுகிறார்கள். ஒரு தலைமையாசிரியர், மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று என்னிடமே கேட்டார். ஒட்டாது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை இடையில் படிப்பை விட்டிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் நகல் ஒன்று என் பையிலேயே இருக்கும்.

ஒட்டும் பயம் உண்மையில் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்வார்கள், பள்ளியில் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் மிக ஆபத்து. வகுப்பில் யாருக்காவது வந்தால் அன்றே பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

போன மாதம் அந்தப் 'பல்லி'ப் பெண்ணின் அப்பா போன் செய்தார். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று பள்ளியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். உடனே டாக்டரிடம் காட்டிவிட்டு, வீட்டில் வைத்திருக்கிறார். பின்னாலிருந்து அவள் குரல்: "பின்னம் பாதியில் நிற்கிறது மிஸ்." போனிலேயே நடத்தினேன். பகுதி எண் வேறு வேறாக இருந்தாலும் அப்படியே கூட்டிவிடுகிறாள். மூன்று முறை சொல்லிவிட்டேன். நாளை மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.