கல்குளத்தில் தொடங்கிய நாடு: திருவிதாங்கூர் விரிந்த வரலாறு (கேள்வி பதில்)

களியக்காவிளை முதல் செங்கோட்டை வரை கேரள எல்லையை ஒட்டி வாழும் வாசகர்கள், சிறிய வேணாடு எவ்வாறு திருவிதாங்கூர் என்னும் பெருநாடாயிற்று என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, நாஞ்சில் நாட்டில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அளித்த விடைகள் இவை.

கேள்வி (கல்லூரி மாணவி, களியக்காவிளை): ஐயா, திருவிதாங்கூர் என்றதும் எல்லாரும் திருவனந்தபுரத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த நாடு உண்மையில் எங்கே தொடங்கியது?

பதில்: பெயரிலேயே விடை இருக்கிறது, அம்மா. தக்கலைக்கு அருகிலுள்ள திருவிதாங்கோடு என்னும் ஊரின் பெயரே பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் ஆயிற்று. வேணாட்டு அரச மரபின் ஒரு கிளை அங்கே அரண்மனை கட்டி வாழ்ந்தது. பின்னர் கல்குளம் அரசிருக்கை ஆயிற்று. அந்தக் கல்குளத்துக்குத்தான் மார்த்தாண்ட வர்மா 1744-இல் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டினார். தலைநகர் திருவனந்தபுரத்துக்குச் சென்றது 1795-இல், அவருடைய சகோதரி மகன் தர்மராஜா காலத்தில்.

1729-இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு இருந்தது தெற்கே ஒரு சிறு நாடு. வடக்கே கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று ஒவ்வொன்றும் தனி அரசாக இருந்தது. அந்த விரிவு தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, இன்றைய குமரி மாவட்டத்து மண்ணிலிருந்து புறப்பட்டு நடந்தது. நாம் ஏதோ ஒரு மலையாள நாட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று எண்ணுவது தவறு என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் நான் வற்புறுத்திச் சொல்லி வந்திருக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எங்கள் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரர்கள் தம்பிமாரை வீரர்களாகப் பாடுகிறார்கள். புத்தகங்களோ அவர்களைக் கலகக்காரர்கள் என்கின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். மார்த்தாண்ட வர்மாவுக்கு முன் ஆண்ட ராம வர்மாவின் பிள்ளைகள் இந்தத் தம்பிமார். நம் ஊர் வேளாளர் குடும்பங்களிலும் நெடுங்காலம் இருந்த மருமக்கள்வழியின்படி, அரசு மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். தந்தையின் அரியணை தங்களுக்கு இல்லை என்பதைத் தம்பிமார் ஏற்கவில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமார் எனப்பட்ட நாட்டுப் பிரபுக்களோடு சேர்ந்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலிருந்து படையும் கொண்டுவந்தார்கள். இறுதியில் அவர்கள் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாரும் அழிக்கப்பட்டார்கள், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும்கூடத் தண்டனை விட்டுவைக்கவில்லை என்று மரபு கூறுகிறது.

நாட்டின் விரிவைப் பற்றிப் பேசும்போது இந்த உள்நாட்டுக் குருதியை மறைப்பது நேர்மையாகாது. கோயில் நிலங்களையும் வரி தண்டும் உரிமையையும் தம் கையில் வைத்திருந்த பிரபுக்கள் ஒடுக்கப்பட்ட பின்புதான், ஊர்தோறும் அரசின் நேரடி அதிகாரிகளும் நிலையான படையும் உண்டாயின. அந்தப் படை இல்லாமல் காயங்குளம்வரை போயிருக்க முடியாது. வில்லுப்பாட்டு இழந்தவர்களின் துயரத்தைச் சொல்கிறது. அது கேட்கப்பட வேண்டிய சாட்சி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி (குளச்சல் வாசகர்): எங்கள் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. குளச்சல் போரால்தான் நாடு பெரிதாயிற்று என்பது சரியா?

பதில்: பாதி சரி. போரின் காரணம் குளச்சலில் இல்லை, கொட்டாரக்கரையில் இருந்தது. இளையிடத்து சொரூபம் எனப்பட்ட அந்த நாட்டை மார்த்தாண்ட வர்மா கைப்பற்றியபோது, அதன் ராணி டச்சுக்காரரின் உதவியை நாடினார். டச்சுக் கம்பெனி சிற்றரசர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே மிளகு ஒப்பந்தம் வைத்திருந்தது. சிற்றரசுகள் மறைந்தால் தன் வணிகமும் மறையும் என்று அஞ்சிய கம்பெனி, ராணியை மீண்டும் அரசியாக அமர்த்தியது. இலங்கையிலிருந்து படையை அனுப்பிக் குளச்சலிலும் இறக்கியது. அப்படை கரையோரத்தைக் கைப்பற்றி உள்நாட்டுக்குள்ளும் நுழைந்தது. வடக்கே போரில் இருந்த மன்னர் விரைந்து திரும்பினார். கரையோர முக்குவர் குடிகளின் துணையும் அவருக்கு இருந்தது. 1741 ஆகஸ்டு 10-இல் குளச்சலில் டச்சுப்படை தோற்றது.

சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டி லனாய், பின்னர் அதே மன்னரின் படையைப் புதுமுறையில் பயிற்றினார்; வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்றார்; புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் 1777-இல் அடக்கமானார். கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையைப் புதுப்பித்தவரும் அவரே. அந்தப் பயிற்சி பெற்ற படையோடு, திருநெல்வேலிச் சீமையின் ஏர்வாடிக் குடும்பத்தைச் சேர்ந்த ராமய்யன் தளவாய் வடக்கே சென்றார். 1746-இல் காயங்குளமும் அம்பலப்புழையும், 1749–50-இல் தெக்கும்கூரும் வடக்கும்கூரும் இணைந்தன. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், சிற்றரசர்களுக்குத் துணைநிற்பதில்லை என்று டச்சுக்காரர் ஒப்புக்கொண்டனர். குளச்சலின் உண்மையான பயன் அந்தக் கையெழுத்தில்தான் முழுமையாக விளைந்தது.

கேள்வி (புனலூரில் கடை வைத்திருப்பவர்): இத்தனை போருக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: வணிகர் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வி. பணம் மிளகிலிருந்து வந்தது. மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார்கள். குடியானவன் விளைந்ததை அரசின் பண்டகசாலைக்கு அரசு வைத்த விலைக்கே தர வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் அரசிடம்தான் வாங்க வேண்டும். புதிதாக ஒரு சிற்றரசு சேரும்போதெல்லாம் அதன் மிளகுத் தோட்டங்களும் சேர்ந்தன; அந்த வருவாய் அடுத்த படையெடுப்புக்கு உதவிற்று. வரைபடத்தில் மன்னரின் வழியைப் பார்த்தால், மிளகு விளையும் நிலங்களையும் அதை ஏற்றும் துறைகளையும் அது தொடர்ந்து போவது தெரியும். விளைவித்தவனுக்கு அதில் கிடைத்தது குறைவு என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): மலைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர் எப்படித் திருவிதாங்கூர் ஆயிற்று, சார்?

பதில்: மேலே சொன்ன கொட்டாரக்கரை நாட்டின் பகுதியாகத்தான். இளையிடத்து சொரூபம் ஆரியங்காவுக் கணவாயின் இரு வாயையும் பிடித்திருந்தது; அதனால் செங்கோட்டையும் அதற்குரியதாக இருந்தது. அந்த நாடு திருவிதாங்கூரில் அடங்கியபோது, கணவாயோடு உங்கள் ஊரும் வந்தது. கணவாயைக் காப்பவன் அதன் இரு பக்கமும் கால் ஊன்ற வேண்டும். மலைமுகடே எல்லை என்பது பிற்கால எண்ணம். உங்கள் ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் காணலாம்.

தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ கதை வேறு. அதன் வழியாக மதுரை நாயக்கர் படைகள் பலமுறை நாஞ்சில் நாட்டுக்குள் வந்து வரி தண்டிச் சென்றன. கிழக்கே களக்காட்டைப் பிடிக்கத் திருவிதாங்கூர் நெடுங்காலம் முயன்றது, பூலித்தேவரோடும் கைகோத்தது. ஆனால் அது ஆற்காட்டு நவாபிடமே நின்றுவிட்டது. ஆகவே கிழக்குப் பக்கத்து விரிவு செங்கோட்டையோடு முடிந்தது எனலாம்.

கேள்வி (பாறசாலை வாசகர்): நாட்டைப் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்தது பக்தியா, அரசியலா?

பதில்: இரண்டும்தான். 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925-இல், மன்னர் தம் வாளைச் சந்நிதியில் வைத்து, இனி தாம் பத்மநாபதாசர் என்று அறிவித்தார். வென்ற நிலம் இறைவனுடையது என்றான பின், அதை மீட்க எழுபவன் இறைவனுக்கே எதிரி ஆகிறான். புதிதாகச் சேர்ந்த நாடுகளை ஒன்றாகப் பிணைக்க இதைவிட உறுதியான கயிறு அக்காலத்தில் வேறில்லை.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் கொச்சியை ஏன் விட்டுவைத்தார்கள்? விரிவு எதனால் நின்றது?

பதில்: கொச்சிக்கு வடக்கே கோழிக்கோட்டு அரசரான சாமூதிரி இருந்தார். கொச்சியை விழுங்கினால் அவரோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். நண்பனாக வைத்துக்கொண்டால் அது ஒரு தடுப்பு. கொச்சி அரசர், திருவிதாங்கூருக்கு எதிராக நடப்பதில்லை என்று நம் சுசீந்திரம் தாணுமாலயன் முன்னிலையில் ஆணையிட்டுத் தந்த ஓலை வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1762-இல் சாமூதிரியின் படை கொச்சி மண்ணிலிருந்து விரட்டப்பட்டது. அந்த உதவிக்காக ஆலங்காடும் பறவூரும் திருவிதாங்கூருக்குக் கிடைத்தன. பெரிய அளவில் சேர்ந்த கடைசி நிலம் அதுவே.

1789-இல் டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர், பள்ளிப்புறம் கோட்டைகளைத் தர்மராஜா விலைக்கு வாங்கினார். அதைக் காரணம் காட்டி, அவ்வாண்டு டிசம்பரில் திப்பு சுல்தான், திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார். கோட்டை அடுத்த ஆண்டு உடைந்தபோதிலும், பெரியாற்று வெள்ளமும் ஆங்கிலேயர் தொடுத்த போரும் அவரைத் திரும்பச் செய்தன. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை இருந்தது: ஆங்கிலக் கம்பெனியோடு செய்த 1795, 1805 உடன்படிக்கைகளுக்குப் பின் திருவிதாங்கூர் தன் விருப்பப்படி போர் தொடுக்கும் உரிமையை இழந்தது. 1809-இல் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி எதிர்த்து எழுந்தபோது ஆங்கிலப்படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது. விரிவு நின்ற இடம் வடக்கே பறவூர். அது நின்ற காரணம் ஆங்கிலக் கம்பெனி.

கேள்வி (மூணாறு தோட்டத் தொழிலாளியின் மகன்): ஐயா, 1956-இல் எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வராதது ஏன்? பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் எப்படிக் கேரளத்திடம் இருக்கிறது?

பதில்: தம்பி, உங்கள் மலைகள் பூஞ்ஞாறு அரசர் வழியாகத் திருவிதாங்கூரின் மேலாதிக்கத்துக்கு உட்பட்டவை, 1877-இல் அவர் கண்ணன்தேவன் மலைகளை ஓர் ஆங்கிலேயருக்கு வழங்கிய பிறகே தோட்டங்கள் எழுந்தன. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அளித்த அறிக்கையில், அங்குள்ள தமிழர்களுள் பெரும்பாலோரை வந்துபோகும் தொழிலாளர் என்று கருதியது. அந்த மலைகளின் பொருளாதாரம் கேரளத்துக்கு இன்றியமையாதது என்றும் கொண்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்டு அங்கேயே மடிந்த குடும்பங்களை வந்துபோகிறவர்கள் என்று எழுதியதை என் மனம் இன்றளவும் ஏற்கவில்லை.

நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பின் 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அரண்மனை நிற்கும் கல்குளம் நம் வட்டம். அதன் கட்டடமும் பராமரிப்பும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. தக்கலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால், தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் மலையாளப் பெயர்ப்பலகையோடு அந்த வாயிலை நீங்கள் பார்க்கலாம்.