காலண்டர் தெரிகிறது, எழுத முடியவில்லை

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தின் முன்பதிவுகளை அண்ணன் கூகுள் காலண்டரில் குறித்துவருகிறார். என் போனிலும் அவை தெரிகின்றன, ஆனால் என்னால் எதையும் சேர்க்க முடியவில்லை. அண்ணனின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சரிசெய்து தருவதாக செல்போன் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கொடுத்தால் அண்ணனின் மெயில், போட்டோ எல்லாமே அந்தக் கடைக்காரர் கைக்குப் போகும். அண்ணன் கணக்கையே உங்கள் போனில் போட்டுக்கொண்டால், நீங்கள் சேர்க்கும் முன்பதிவும் அவர் பெயரில்தான் பதிவாகும். நாளை அட்வான்ஸ் கணக்கில் தகராறு வந்தால், எதை யார் எழுதினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்களுக்கு என்ன அனுமதி என்பதை போனில் உள்ள ஆப் முடிவு செய்வதில்லை. அது கூகுளின் மையக் கம்ப்யூட்டரான சர்வரிடம் கேட்கிறது. ஒவ்வொரு காலண்டருக்கும் நான்கில் ஒரு பதில் வரும்: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம், விவரமும் பார்க்கலாம், எழுதலாம், உரிமையாளர். முதல் இரண்டில் ஒன்று வந்தால் எழுதும் வழியை ஆப் சத்தமில்லாமல் மறைத்துவிடும். புதிய நிகழ்ச்சி சேர்க்கும் திரையில் காலண்டர் பெயரைத் தொட்டுப் பாருங்கள். வரும் பட்டியலில் மண்டபத்தின் காலண்டர் இல்லையென்றால் எழுத அனுமதி இல்லை. ‘அனுமதி இல்லை’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் நீங்கள் கடை ஏறியிருக்கவே வேண்டாம்!

அடுத்து, காலண்டர் எப்படி வந்தது என்று அண்ணனிடம் கேளுங்கள். ‘.ஐசிஎஸ்’ என்று முடியும் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைச் சேர்த்திருந்தால், அது பகிர்வே அல்ல, வெறும் நகல். அதில் ஒருநாளும் எழுத முடியாது. அண்ணன் காலையில் குறித்தது உங்களுக்கு வந்துசேர 12 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் அதே முகூர்த்தத் தேதியை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்த ரகசிய லிங்க் யார் கையில் கிடைத்தாலும் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் என்று எழுதிவைத்த அத்தனையும் தெரியும். யார் பார்க்கிறார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. அந்தக் காலண்டரை நீக்கிவிடுங்கள். அண்ணனும் லிங்க்கை ‘ரீசெட்’ செய்யட்டும்.

பிறகு அண்ணன் கம்ப்யூட்டர் பிரவுசரில் காலண்டர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ போய், உங்கள் போனில் இருக்கும் அதே ஜிமெயில் முகவரியைச் சேர்த்து, ‘மேக் சேஞ்சஸ் டு ஈவென்ட்ஸ்’ கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளது பகிர்வையே நிர்வகிக்கும் அனுமதி. அது உங்களுக்குத் தேவையில்லை. மெயிலில் வரும் லிங்க்கை அழுத்திக் காலண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபோனின் சொந்தக் காலண்டர் ஆப் என்றால், எந்தக் காலண்டர்கள் அதில் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கூகுளின் ‘சிங்க் செலக்ட்’ பக்கத்தில் மண்டபத்தின் காலண்டருக்கு டிக் போட்டால்தான் தெரியும்.

ஒரு விதிவிலக்கு. அண்ணன் வைத்திருப்பது சாதாரண ஜிமெயில் இல்லாமல் நிறுவனக் கணக்காக இருந்தால், மேலே சொன்னதெல்லாம் செய்தும் பலிக்காமல் போகலாம். அந்தக் கணக்குகளின் அட்மின், வெளியாட்கள் காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கட்டும் என்றோ, விவரம் பார்க்கலாம் ஆனால் மாற்றக் கூடாது என்றோ வரம்பு போட முடியும். அந்த வரம்பை மீறி அண்ணனாலும் அனுமதி தர முடியாது. உங்கள் ஜிமெயில் அவர்களுக்கு வெளியாள்தான். போனை மாற்றினாலும் ஆப்பை அழித்துப் போட்டாலும் சர்வர் அதே பதிலைத்தான் சொல்லும். அட்மினைக் கேளுங்கள், அல்லது மண்டபத்துக்கென்று ஒரு ஜிமெயிலில் தனிக் காலண்டர் தொடங்குங்கள்.

பாஸ்வேர்டை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா? இன்றே மாற்றச் சொல்லுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து, தெரியாத போன் இருந்தால் சைன் அவுட் செய்யுங்கள்.