வில்லா டொர்லோனியா பூங்காவுக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: குடும்பத்தோடு ரோம் போகிறோம். வில்லா டொர்லோனியா பூங்கா, முசோலினி இருந்த மாளிகை, பதுங்கு அறை எல்லாம் சேர்த்து, 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று சொல்லி ஏஜெண்ட் ஆளுக்கு 45 யூரோ கேட்கிறார். கட்டலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

பதில்: கட்டாதீர்கள். பூங்காவுக்குக் கட்டணமே இல்லை. 1977-ல் ரோம் மாநகராட்சி கைக்கு வந்து அடுத்த வருடமே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. உள்ளே இருக்கும் மாளிகைகளுக்கும் பதுங்கு அறைக்கும்தான் டிக்கெட், மாளிகை டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கொலோசியத்தில் நிற்கிற மாதிரி வரிசை இங்கே கிடையாது, அப்புறம் எந்த வரிசையைத் தாண்டிவிடுகிறேன் என்று காசு கேட்கிறார்? வாட்ஸ்அப்பில் ஒரு வவுச்சர் படத்தை அனுப்பிவிட்டு முன்பணம் கேட்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். உங்கள் ஏஜெண்ட் அப்படி ஏதாவது அனுப்பியிருந்தால், அதில் எந்த வில்லாவின் பெயர் இருக்கிறது என்றும் சரிபாருங்கள். வில்லா அல்பானி டொர்லோனியா என்று இன்னொன்று இருக்கிறது, தனியார் சொத்து, நினைத்தபோது நுழைய முடியாது.

முன்பதிவு வேண்டியது பதுங்கு அறைக்கு மட்டும்தான். முசோலினி 1925 முதல் 1943 வரை ஆண்டுக்கு 1 லீரா வாடகையில் குடியிருந்த கஸினோ நோபிலே மாளிகைக்கு அடியில் இருக்கிறது. வழிகாட்டியோடு, சின்னக் குழுவாக, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். மாளிகை டிக்கெட் கையில் இருக்கிறதே என்று கீழே இறங்கிவிட முடியாது, அதற்குத் தனி டிக்கெட். மாநகராட்சி அருங்காட்சியகங்களின் சொந்தத் தளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். மாளிகைக்கு ஒன்று, பூங்காவில் இருக்கும் ஆந்தை வீட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, பதுங்கு அறைக்கு வேறு ஒன்று என்று எல்லாவற்றையும் இத்தாலியப் பெயரில் பிரித்து வைத்தால் வெளியூர்க்காரர் ஏஜெண்டிடம் போகாமல் என்ன செய்வார்? எத்தனை வருடமாக இதே குழப்பம்!

அம்மாவைப் பதுங்கு அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள், மூட்டுவலியோடு கீழே இறங்க வேண்டாம், மேலேயே இருக்கட்டும். கட்டடக் கலைஞர் வலாடியர் கட்டத் தொடங்கிய அந்த மாளிகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இளஞ்சிவப்புக் கருங்கல் தூண்கள் இரண்டு நிற்கின்றன. எகிப்து ஸ்தூபி மாதிரி சித்திர எழுத்தெல்லாம் செதுக்கி, 1842-ல் அன்றைய உரிமையாளர் அலெஸ்ஸாந்த்ரோ டொர்லோனியா தன் அப்பா, அம்மா நினைவாக நிறுத்தியவை. வட இத்தாலியில் வெட்டிய கல், படகிலும் கப்பலிலுமாக ரோமுக்கு வந்தது. உங்கள் அம்மாவை அங்கே நிழலில் உட்கார வையுங்கள். முடிந்தால் ஆந்தை வீட்டையும் காட்டுங்கள். யாப்பெல்லி என்ற கட்டடக் கலைஞர் 1840-ல் சுவிஸ் குடிசையாகக் கட்டியது, பிறகு ஜன்னல் ஜன்னலாக வண்ணக் கண்ணாடி வேலை செய்தார்கள். என்னைக் கேட்டால் பதுங்கு அறையைவிட இதுதான் பார்க்க வேண்டியது.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மாளிகைகள் மூடியிருக்கும்.