கெமிஸ்ட்ரி லேப் மேடத்தைப் பற்றி சீனியர்கள் சொல்வதை நம்பலாமா?

கேள்வி கேட்டவரின் தங்கை பி.எஸ்சி. வேதியியல் சேரப் போகிறாராம். அந்தக் கல்லூரி சீனியர்கள் எல்லாரும் "லேப் மேடம் ரொம்ப மோசம், எந்த ரீடிங்கையும் ஒத்துக்க மாட்டாங்க, ரெக்கார்டுல கையெழுத்து வாங்குறதுக்குள்ள உயிர் போயிடும்" என்கிறார்களாம். வேறு கல்லூரி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம் என்பது என் பதில். சீனியர்கள் பொய் சொல்லவில்லை. லேபில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம். ஆனால் அது நல்லதா கெட்டதா என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவைப்படும்.

நானும் ஒரு தென் மாவட்டக் கல்லூரியில் வேதியியல் படித்தவள்தான். இப்போது மருந்துத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு லேப் எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒரு சார், ஒரு மேடம். சாரை எல்லாருக்கும் பிடிக்கும். டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பது) ரீடிங் தள்ளிப் போனால், "பக்கத்து பெஞ்ச்ல என்ன வந்திருக்கோ அதைப் போட்டுக்கோம்மா" என்பார். உப்புப் பகுப்பாய்வு நாளில், கொடுத்த சால்ட் என்னவென்று முதல் ஒரு மணி நேரத்திலேயே கசிந்துவிடும். பிள்ளைகள் விடையை வைத்துக்கொண்டு செய்முறையைப் பின்னாலிருந்து எழுதுவார்கள். பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. உண்மையிலேயே அன்பான மனிதர் அவர்.

மேடம் வகுப்பில் பென்சிலும் அழிப்பானும் மேசை மேல் இருக்கக் கூடாது. ரீடிங் பேனாவில்தான், அதுவும் நேராக அப்சர்வேஷன் நோட்டில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அவர் கேட்கும் கேள்விகள்தான் எல்லாரையும் பயமுறுத்தும். பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேட் செய்வது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அமிலக் கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நோட்டில் மூன்று ரீடிங்கும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் மேடம் பக்கத்தில் வந்து நின்று, "முதல் சொட்டோட நிறம் போக எவ்வளவு நேரம் ஆச்சு? அதுக்கப்புறம் விட்ட சொட்டுக்கு?" என்று கேட்பார். புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களால் இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கூம்புக் குடுவையை ஆட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் சொட்டின் நிறம் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுத்தான் போகும், அப்புறம் விடும் சொட்டுகள் விழுந்ததுமே மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுவதுதான் காரணம். இதைப் பார்த்த பிறகு தன்வினையூக்கம் என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை.

யாருக்காவது கரைசல் பழுப்பாகக் கலங்கினால் மேடம் கொட்டச் சொல்ல மாட்டார். "எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் கூடவே நிற்பார். சல்ஃபூரிக் அமிலம் போதவில்லை, அதனால் மாங்கனீசு டை ஆக்சைடு வந்துவிட்டது என்று பிள்ளைகளே சொல்லும் வரை விடமாட்டார். சல்ஃபூரிக்குக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி குளோரின் ஆக்கும், ரீடிங் ஏறிவிடும். இப்படி ஒரு பெஞ்சிலேயே அரை மணி நேரம் போகும். மற்றவர்களுக்கு நேரமாகும், பஸ் போய்விடும். செமஸ்டர் கடைசியில் கருத்துப் படிவம் கொடுத்தபோது சாருக்கு அள்ளிப் போட்டார்கள். மேடத்துக்கு வந்தது, உங்கள் தங்கை இப்போது கேட்கும் அதே புகார்கள்தான்.

இது எங்கள் கல்லூரியில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்களைக் கணக்கு வகுப்புகளுக்குக் குலுக்கல் முறையில்தான் பிரித்துப் போடுவார்கள். அதனால் ஆசிரியர்களை ஒப்பிடுவது அங்கே சுலபம். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல கருத்து எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த நிலைக் கணக்குப் பாடங்களில் பின்தங்கினார்கள். நம் ஊரிலும், கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பு 2017இல் தன் மதிப்பீட்டில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது, ஆசிரியர் எவ்வளவு தயாராக வந்தார் என்று பெரும்பாலும் வகுப்பறையைப் பற்றித்தான் அதில் கேட்டார்கள். லேபில் கூடவே நின்ற ஒருவருக்கு அதில் என்ன மதிப்பெண் போட முடியும்?

எனக்கு மேடத்தின் அருமை வேலையில் சேர்ந்த முதல் வாரமே புரிந்தது. மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் முதலில் கற்றுத்தருவதே இதைத்தான்: பார்த்ததைப் பார்த்த உடனே எழுது, அழிக்காதே, ஒற்றைக் கோடு போட்டு அடி, கையெழுத்தும் தேதியும் போடு. முடிவு வரம்பைத் தாண்டினால், சரியாக வரும் வரை திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணக் கூடாது, ஏன் தாண்டியது என்று விசாரிக்க வேண்டும். 1993இல் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. என்னோடு சேர்ந்த சிலருக்கு இது பழகவே மாதக்கணக்கில் ஆனது. மூன்று வருஷம் "பக்கத்து பெஞ்சைப் பார்த்துப் போட்டுக்கோ" கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நல்ல மூளை, நல்ல மதிப்பெண். ஆனால் எதிர்பார்த்தபடி வராத எண்ணைப் பார்த்தால் கை நடுங்கும்.

அதற்காக மாணவர்களின் புகார் எல்லாம் வெறும் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். மேடத்தின் மேல் எனக்கே ஒரு வருத்தம் இன்னும் போகவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வை முழுக்க ஆங்கிலத்தில்தான் கேட்பார். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பார்கள். அதைத் தெரியாமை என்று எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கடிந்துகொள்வார். அது தப்பு. அந்தப் பிள்ளைகள் சொன்ன குறையை யாராவது காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு புகாரையும் தட்டிக் கழிக்கக் கூடாது. உப்புப் பகுப்பாய்வில் உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதில் இரண்டாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேண்டும். கிப் உபகரணத்தில் ஃபெரஸ் சல்ஃபைடு மேல் நீர்த்த சல்ஃபூரிக் அமிலம் பட்டு வரும் வாயு. அழுகிய முட்டை நாற்றம். எங்கள் லேபில், வாயுவை வெளியே இழுக்கும் புகைக்கூண்டின் விசிறி பாதி நாள் ஓடாது. "தலை வலிக்குது மேடம்" என்றால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்று பதில் வரும். பழகுவதுதான் ஆபத்து. அளவு கூடக்கூட அந்த வாயு முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் கிடையாது. இந்த விஷயத்தில் மாணவர்களின் கருத்துதான் சரி. அதைக் கேட்காத நிர்வாகம் மேல்தான் தப்பு. (வாயால் பிப்பெட் உறிஞ்ச மட்டும் மேடம் யாரையும் விட்டதில்லை, ரப்பர் பல்ப் கட்டாயம். ஆக்சாலிக் அமிலம் விஷம்.)

உப்பு கண்டுபிடிக்கும் வேலையை இப்போது கருவிகள் செய்துவிடுகின்றன, பிறகு எதற்கு இது என்ற புகாரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதைப் பாடத்திட்டக் குழுவிடம் கேட்க வேண்டும், மேடத்திடம் கேட்டு என்ன பயன்?

அதனால் தங்கையை முதலாண்டுப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், படித்து முடித்து எம்.எஸ்சி.க்கோ வேலைக்கோ போன அக்கா அண்ணன்களிடமும் பேசச் சொல்லுங்கள். "மேடம் எப்படி?" என்று கேட்டால் "ஸ்ட்ரிக்ட்" என்று ஒரு சொல்தான் பதிலாக வரும். ரீடிங் தப்பாக வந்தால் அவர் திட்டிவிட்டுப் போய்விடுவாரா, கூட நின்று பார்ப்பாரா என்று கேட்கச் சொல்லுங்கள். வைவாவில் தமிழில் பதில் சொல்ல விடுவாரா, ஒரு பேட்சில் எத்தனை பேர், புகைக்கூண்டு ஓடுகிறதா என்றும் கேட்கட்டும். கூட நின்று பார்ப்பார் என்று ஒருவர் சொன்னால்கூட போதும், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். புகைக்கூண்டு ஓடாது என்று நாலு பேர் சொன்னால் மட்டும் வேறு கல்லூரி பாருங்கள்.