ஹைட்ரோஃபாயிலுக்கு கார்பன் பார்ட்ஸ்: எத வாங்கணும், எத வீட்ல செய்யலாம்? (கேள்வி-பதில்)

கேள்வி: அலுமினியம் மாஸ்ட் (போர்டுக்கு அடில தண்ணிக்குள்ள இறங்கற தூண்) வச்ச ஹைட்ரோஃபாயில் செட் (தண்ணிக்குள்ள ஓடி போர்ட மேல தூக்கற விங் செட்) ஒண்ணு வச்சிருக்கேன். கார்பன் மாஸ்ட் விலைய கேட்டா இன்னொரு முழு செட்டே வாங்கிடலாம் போல இருக்கு. கார்பன் துணியும், அத ஊறவச்சு கெட்டியாக்கற எபாக்ஸி ரெசினும் தனியா வாங்கி மாஸ்ட், முன் விங், பின் விங் மூணையும் வீட்லயே செஞ்சா காசு மிச்சமாகுமா?

பதில்: பின் விங்க செய்ங்க, மாஸ்ட்ட வாங்குங்க. முன் விங் ரெண்டுக்கும் நடுவுல, பின் விங் ரெண்டு மூணு செஞ்சு கை பழகினதுக்கு அப்புறம் அத யோசிக்கலாம்.

ஏன் மாஸ்ட் வேணாம்னு சொல்றேன்னா, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 80 கிலோ ஆளு, 80 செ.மீ. மாஸ்ட், முழு எடையும் பக்கவாட்டுல விழுற ஒரு நொடி. மேல பேஸ் பிளேட்டுல சுமார் 630 நியூட்டன் மீட்டர் திருப்பம் வருது. அந்த பிளேட்ட போர்டோட பிடிச்சிருக்கறது நாலே நாலு எம்8 போல்ட், பக்கவாட்டு இடைவெளி வெறும் 90 மி.மீ., அப்ப ஒரு பக்கத்து ரெண்டு போல்ட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 700 கிலோ இழுப்ப தாங்கணும். இந்த மொத்த பாரமும் மாஸ்ட் பிளேட்டோட சேர்ற அந்த ஒரு மூலைல தான் குவியுது. வீட்டு வேலைல துணி சுருங்கறது, காத்து மாட்டிக்கறது, ரெசின் தேங்கறது எல்லாம் நடக்கறதும் அதே மூலைல தான், ஏன்னா துணிய கிட்டத்தட்ட செங்குத்தா மடக்க வேண்டியிருக்கு. வெளில பார்த்தா பளபளன்னு இருக்கும், உள்ள காலி இடம் இருக்கறது தெரியாது. உடையறது கரையிலேர்ந்து தூரத்துல நடந்தா நீங்க போர்ட பிடிச்சுட்டு கையால துழாவி வரணும், உடைஞ்ச கார்பனோட முனை வேற ஊசி மாதிரி இருக்கும். காசு மிச்சம்ங்கறதுக்காக எடுக்கற ரிஸ்க் இல்ல இது.

இன்னொன்னும் இருக்கு. உடையாம இருக்கணும்னு மாஸ்ட்ட கனமா செஞ்சுடலாம்னு தோணும். அதே அகலத்துல கனத்த 15 மி.மீ.லேர்ந்து 19க்கு ஏத்தினா விறைப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், அது நிஜம் தான், ஏன்னா விறைப்பு கனத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி ஏறும். ஆனா தண்ணில இழுவையும் கூடிடும், அப்ப கார்பனுக்கு மாறி என்ன பிரயோஜனம், உங்க அலுமினியம் மாஸ்ட்டே போதுமே. கம்பெனி மாஸ்ட்டுக்கு நீங்க குடுக்கற காசு துணிக்கு இல்ல, ஒல்லியா இருந்தும் முறுக்காம இருக்கற அந்த லேயர் அமைப்புக்கும், ரெண்டு பக்கமும் அழுத்தி சூட்டுல வேக வைக்கற மெட்டல் மோல்டுக்கும் தான்.

பின் விங் வேற கத. சின்னது, உள்ள நுரையோ கட்டையோ வச்சு நிரப்பற கோர் தேவையில்ல, முழுக்க லேயர் மேல லேயரா போட்டே செஞ்சுடலாம், போர்டோட குணத்த மாத்தறதுல அதோட பங்கு பெருசு, உடைஞ்சாலும் பெரும்பாலும் மெதுவா துழாவியாவது கரைக்கு வந்துடலாம். செலவு கணக்கு போடறப்ப எல்லாரும் தப்பு விடற இடம் துணியோட அளவு. சதுர மீட்டருக்கு 200 கிராம் இருக்கற துணி ஒரு லேயர் கால் மி.மீ. கூட தேறாது, அப்ப நடுவுல 6 மி.மீ. கனம் வேணும்னா 25 லேயருக்கு மேல போகும். ஓரத்துக்கு போகப் போக லேயர் குறையும், வெட்டுல வீணாகறதும் இருக்கு. ஒரு மீட்டர் வாங்கினா போதும்னு யாராவது சொன்னா முதல்ல பேப்பர்ல எல்லா லேயரையும் வரைஞ்சு வெட்டி அடுக்கிப் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

துணி வாங்கறப்ப "3கே ஒரிஜினல்"னு அழுத்திச் சொல்வாங்க. 3கேன்னா ஒரு இழைக்கட்டுல 3000 நுண் இழை இருக்குன்னு மட்டும் தான் அர்த்தம், அது தரத்துக்கான முத்திரை கிடையாது. நீங்க கேட்க வேண்டியது ஃபைபர் கிரேடு என்ன, டி300ஆ டி700ஆ, சதுர மீட்டருக்கு எத்தன கிராம், எபாக்ஸிக்கு ஒத்துவர்ற பூச்சா. கட்டம் போட்ட நெசவு பார்க்க அழகு, ஆனா விங் நீளத்துக்கு வளையாம இருக்க ஒரே திசைல ஓடற யூனி துணி தான் வேலை செய்யும், முறுக்கத் தாங்க 45 டிகிரில சாய்ஞ்ச துணி வேணும், நெசவுத் துணி மேல ஒரு லேயர் போதும். அப்புறம் முக்கியமா, ரோல்ல சுத்தி அனுப்பச் சொல்லுங்க. மடிச்சு கவர்ல போட்டு வந்தா வாங்காதீங்க, திருப்பி அனுப்புங்க. மடிப்பு விழுந்த இடத்துல இழை வளைஞ்சிருக்கும், பாரம் வந்தா அங்க தான் முதல்ல விடும்.

மிச்சம் பிடிக்க நினைக்கறவங்க வேக்யூம் பம்ப்ப விட்டுடறாங்க, அது தான் எனக்கு ரொம்ப வருத்தம். பை போட்டு காத்த உறிஞ்சினா ஒவ்வொரு சதுர செ.மீ. மேலயும் கிட்டத்தட்ட ஒரு கிலோ அழுத்தம் விழும், சின்ன பின் விங் மேலயே 250, 300 கிலோ உட்கார்ந்த மாதிரி. அந்த அழுத்தம் தான் மிச்ச ரெசின வெளிய தள்ளி லேயர ஒட்ட வைக்குது. விலை கூடின துணிய வாங்கி கைல பூசி வெயிட் வச்சு விடறத விட சாதாரண துணிய வாங்கி பம்ப் போடறது எவ்வளவோ மேல். பீல் ப்ளை (கடைசில உரிச்சு எடுக்கற துணி), ப்ரீதர் (காத்து போக வழி விடற பஞ்சு), பைய ஒட்டற சீல் டேப் இதெல்லாம் ஒவ்வொரு பீஸுக்கும் தீரும், அதயும் செலவுல எழுதுங்க. இதெல்லாம் சேர்த்தா முதல் பின் விங் கடை விலைக்கு மேலயே போகும், மிச்சம்னு ஒண்ணு வர்றது அதே மோல்டுல அடுத்தடுத்து எடுக்கறப்ப தான். ஒண்ணே ஒண்ணு போதும்னா கடைல வாங்கிடுங்க.

மோல்டு 3டி பிரிண்ட்ல எடுக்கறதா இருந்தா பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், சூடு காட்டி கெட்டிப்படுத்தற வேலை அதுக்குள்ள வச்சு செய்யாதீங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாஸ்ட், "ஃபுல் கார்பன்"னு சொல்லி விக்கறாங்க. நிஜமா கார்பன் தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: வெளில தெரியற நெசவ நம்பாதீங்க, கண்ணாடி ஃபைபர் மேல ஒரே ஒரு கார்பன் லேயர் போட்டாலும் அப்படியே தான் தெரியும், ஸ்டிக்கர் கூட அதே டிசைன்ல வருது. மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. கார்பன் கரண்ட கடத்தும், கண்ணாடி ஃபைபர் கடத்தாது. மேல ரெசின் படலம் இருக்கறதால நேரா வச்சா ஒண்ணும் காட்டாது. போல்ட் ஓட்டையோட உள்சுவத்துல, ஏற்கனவே தேய்ஞ்ச கீழ் முனைல, வெட்டு தெரியற இடத்துல வச்சுப் பாருங்க. ஓட்டையோட உள்சுவர் முழு ஆழத்துக்கும் கறுப்பா இருக்கா, இல்ல மேல மட்டும் கறுப்பா இருந்து உள்ள வெளிர் பச்சை, வெள்ளையா இருக்கான்னு டார்ச் அடிச்சா தெரியும். ஆனா ஒண்ணு, ஓட்டைய சுத்தி மட்டும் வேணும்னே கண்ணாடி ஃபைபர் வைக்கறதும் உண்டு, அது நல்ல வேலை தான், அத வச்சு மட்டும் ஏமாத்துன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அதுக்கப்புறம் கீழ் முனைல அலுமினியம் ஃபியூஸ்லாஜ் (ரெண்டு விங்கையும் சேர்க்கற தண்டு) மாட்டின இடத்த கழட்டிக் காட்டச் சொல்லுங்க. கழட்டவே வரலன்னு சொன்னா விட்டுட்டு வந்துடுங்க. உப்புத்தண்ணில கார்பனும் அலுமினியமும் நேரா தொட்டுட்டு இருந்தா அலுமினியம் அரிச்சுப் போகும், வெள்ளை பவுடர் மாதிரி பூத்து போல்ட்ட இறுக்கிடும். கழட்டி வந்தா நீங்க மாட்டறப்ப நடுவுல மெல்லிசா ஒரு கண்ணாடி ஃபைபர் லேயரோ, போல்ட்டுக்கு அரிப்பு தடுக்கற ஜெல்லோ போடுங்க, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவி கழட்டி வைங்க. வீட்ல செய்யற பின் விங்குக்கும் இதே விதி தான்.

பிளேட்டும் மாஸ்ட்டும் சேர்ற மூலைய நகத்தால தடவிப் பாருங்க. முடி மாதிரி கோடு ஓடினா பெயிண்ட் வெடிப்புன்னு சொல்வாங்க, சில சமயம் அது பெயிண்ட்டாவே இருக்கலாம், ஆனா அத நிரூபிக்கற வேலை விக்கறவங்களோடது, உங்களோடது இல்ல. கோட்ட சுத்தி காசால மெதுவா தட்டினா நல்ல இடத்துல டக்குன்னு கூர்மையா கேக்கும், லேயர் விட்ட இடத்துல மந்தமா கேக்கும்.

கேள்வி: எபாக்ஸி வாங்கி பூசி ரெண்டு நாளாச்சு, இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது. கடைல கேட்டா உங்க ஊரு க்ளைமேட்டுனு சொல்லிட்டாங்க. பணம் திரும்பக் கேக்கலாமா?

பதில்: கேக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அதே பாட்டில்லேர்ந்து ரெசினும், அத கெட்டியாக்கற ஹார்ட்னரும் சின்ன கப்ல, கிராம் தசமம் காட்டற தராசுல வச்சு அளந்து, ஓரம் அடி எல்லாம் வழிச்சு நல்லா கலக்கி அதே அறைல வைங்க. கப்புல இருக்கறது கல்லு மாதிரி ஆகி, விங் மட்டும் ஒட்டுதுன்னா முதல் தடவை அளவோ கலக்கறதோ தப்பியிருக்கு. கப்பும் கெட்டியாகலன்னா, டப்பால போட்டிருக்கற வெப்பநிலைக்குக் கீழ அறை இல்லைன்னும் உறுதியாச்சுன்னா, அந்த கப்ப எடுத்துட்டு, பாட்டில் மேல இருக்கற பேட்ச் நம்பர போட்டோ எடுத்துட்டுப் போங்க, அப்ப உங்க பேச்சுக்கு கனம் இருக்கும்.

நெறைய பேருக்கு தப்பறது அளவுல தான். எடைல 100க்கு 30னு போட்டிருந்தா அளவுக் கப்புல அது 100க்கு 36 பக்கம் வரும், ஏன்னா ஹார்ட்னர் லேசு. எடைக் கணக்க கப்புல ஊத்தினா ஹார்ட்னர் குறையும். சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னர கூட்டி ஊத்தறதும் எபாக்ஸில உதவாது, கூடின ஹார்ட்னர் சேராம உள்ளயே தங்கி மொத்தத்தயும் இளக்கிடும். மேல மட்டும் மெழுகு மாதிரி வழவழப்பா இருந்து உள்ள கெட்டின்னா அது அமீன் படலம் (ஹார்ட்னர் ஈரக் காத்தோட சேர்ந்து மேல படியறது), வெதுவெதுப்பான தண்ணி போட்டு தேய்ச்சா போயிடும், பாட்டில் மேல குத்தம் இல்ல. உள்ளயும் ஒட்டினா அந்த பீஸ காப்பாத்த பார்க்காதீங்க, அது மேல புது லேயர் போட்டு தண்ணிக்கு கொண்டு போறது கூடவே கூடாது.

கையுறை நைட்ரில் போடுங்க, தோல்ல பட்டா சோப்பு தண்ணி, தின்னர் வேணாம். எபாக்ஸி அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா பொதுவா போகாது, அப்புறம் இந்த வேலையே செய்ய முடியாம போயிடும்.

கேள்வி: காலாவதியான ப்ரீப்ரெக் (முன்னாடியே ரெசின்ல ஊறவச்சு வர்ற துணி) கார்பன் பாதிக்கும் கம்மியா கிடைக்குது, வாங்கலாமா?

பதில்: சூடு காட்ட ஓவன் இருந்தா, மைனஸ் 18 டிகிரில வச்சிருந்ததுக்கும் வெளில எத்தன மணி நேரம் இருந்துச்சுங்கறதுக்கும் எழுத்துல கணக்கு குடுத்தா, மூடி மாதிரி பாரம் வராத சாமானுக்கு வாங்கலாம். பெரும்பாலான ப்ரீப்ரெக் 80லேர்ந்து 120 டிகிரி கேக்கும், ரூம் சூட்டுல வேகாது. சமையலுக்கு வச்சிருக்கற ஓவன்ல இத வைக்கவே கூடாது.

கேள்வி: மோட்டார் வச்ச இ-ஃபாயில் போர்டுக்கு பேட்டரி பெட்டி மூடி கார்பன்ல செஞ்சேன், அதுலேர்ந்து ரிமோட் விட்டு விட்டுப் போகுது. ரிமோட்ட மாத்தணுமா?

பதில்: ரிமோட் வாங்கறதுக்கு முன்னாடி பழைய மூடிய மாட்டிப் பாருங்க. கார்பன் ரேடியோ சிக்னல மறைக்கும், ரிசீவர் மூடிக்கு அடில இருந்தா அது தான் காரணம். அதே மோல்டுல கண்ணாடி ஃபைபர்ல ஒண்ணு எடுத்துக்கோங்க, எடை கொஞ்சம் தான் கூடும். அப்புறம் கார்பன் மூடிய அந்த பெட்டி பக்கத்துல வச்சு உப்புத்தாள் போட்டிருந்தீங்கன்னா பெட்டிக்குள்ள தூசி போயிருக்கான்னு பார்த்துடுங்க. கார்பன் தூசி கரண்ட கடத்தும், கனெக்டர் நடுவுல படிஞ்சா ஷார்ட் ஆகும். இனிமே தேய்க்கறதெல்லாம் வாட்டர் பேப்பர்ல தண்ணி விட்டு, நுண் தூசிய வடிகட்டற பி100 மாஸ்க் போட்டுட்டு, எலக்ட்ரானிக்ஸ் இல்லாத இடத்துல வச்சு செய்ங்க.