மாமனார் மெக்சிகோ போய்வரலாமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். மனைவி இங்கேயே பிறந்த மெக்சிகோ குடும்பத்துப் பெண். மாமனாருக்கு 71 வயது, ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கான 1986 பொதுமன்னிப்புச் சட்டத்தில் கிரீன் கார்டு வாங்கியவர். 1994இல் சட்டைப் பையில் கொஞ்சம் கொக்கைன் இருந்ததாக ஒரு வழக்கு, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாராம். குடியேற்றக் கைதுகளைச் செய்கிற ஐஸ் (ICE) அதிகாரிகளுக்குப் பயந்து இப்போது கதவைத் திறப்பதில்லை, சர்க்கரைக்கு டாக்டரிடமும் போவதில்லை. ஆனால் அக்கா சாகக் கிடக்கிறார், மொரேலியா போயே தீருவேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். டிக்கெட் போட்டிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய்யுங்கள்.

அவருக்கு வீட்டு வாசலை நினைத்துப் பயம், எனக்கோ திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கார்டை ஸ்கேன் செய்கிற கவுண்டரை நினைத்துத்தான். போதைப்பொருள் வழக்குக்குக் காலாவதி கிடையாது, திரையில் அது வந்தால் தனியறை, விசாரணை, 71 வயதென்று பார்க்காமல் தடுப்பு முகாம் வரைக்கும்கூடப் போகலாம். குடியேற்ற விதிகளைக் கடுமையாக்கிய 1996 சட்டத்துக்கு முந்தைய குற்றத்தைக் காட்டி, சின்னப் பயணம் போய்வந்த கார்டுக்காரரைப் புதிதாக நுழைபவர்போல நடத்தக் கூடாது என்று 2012இல் வர்த்தேலாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, குடியேற்றச் சட்டத்தின் பழைய 212 சி பிரிவில் நாடுகடத்தலிலிருந்து நிவாரணம் கேட்கவும் வழி இருக்கலாம். சரி, ஆனால் இதெல்லாம் நீதிபதி முன்னால் பேசுகிற வாதம். கவுண்டரில் நிற்பவரிடம் எடுபடாது.

முதலில் வழக்கு நடந்த கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ‘அபராதம் கட்டினேன், முடிந்தது’ என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி நான் ஒரு விண்ணப்பமும் போடுவதில்லை. குடியுரிமைக்கும் இப்போது வேண்டாம். அவர் வயதுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஸ்பானிஷிலேயே பதில் சொல்லலாம், இருபது கேள்வி படித்தால் போதும், ஆனால் கைரேகை எடுத்ததுமே பழைய வழக்கு எழுந்து வந்துவிடும். ‘நோத்தாரியோ’ என்று போர்டு மாட்டியவர்களிடம் கூட்டிப்போய்விடாதீர்கள். மெக்சிகோவில் அது பெரிய வக்கீல் பதவி, இங்கே கையெழுத்துக்குச் சாட்சி போடுகிறவர், அவ்வளவுதான்.

கார்டு எப்போதும் பர்ஸில் இருக்க வேண்டும், அது சட்டம். கதவைத் தட்டினால் திறக்காமல், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட்டைக் கதவிடுக்கு வழியாகக் கொடுக்கச் சொல்லலாம். ஐ-407 என்ற படிவத்தை யார் நீட்டினாலும் கையெழுத்து போடவே கூடாது, கார்டையே விட்டுக்கொடுக்கிற தாள் அது.

டாக்டர் விஷயத்தில் அவரோடு சண்டையே போடுங்கள். மருத்துவமனைகளில் ஐஸ் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய பாதுகாப்புக் கொள்கையை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், மறுக்கவில்லை, அதற்காகச் சர்க்கரை காத்திருக்காது; முடிந்தவரை வீடியோவில் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவைப் பார்க்க உங்கள் மனைவி போகட்டும், அவர் அமெரிக்கக் குடிமகள். அங்கே போய் அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ கால் போடட்டும்.