மறுமலர்ச்சிக் காலத் திருப்பலி இசையை எப்படி ரசிப்பது, எப்படிப் பாடுகிறார்கள்?

கத்தோலிக்க வழிபாடான திருப்பலிக்காக 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுதிய பலகுரல் இசையைக் கேட்டால், எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது, மெட்டே பிடிபடவில்லை என்கிறீர்கள். மெட்டு ஒரு குரலில் மட்டும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு குரல் தொடங்கிய வரியை அடுத்த குரல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் முதல் குரல் வேறெங்கோ போயிருக்கும்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் நான்கு குரல் திருப்பலியில் கடைசிப் பகுதியான 'ஆக்னுஸ் தேயி'யை ('இறைவனின் செம்மறியே' என்று தொடங்கும் லத்தீன் வேண்டுதல்) மட்டும் கேளுங்கள். முதலில் மேல் குரல்கள் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் நான்கும். 'எங்களுக்குச் சமாதானம் தாரும்' என்று வேண்டும் இடத்தில் ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, இன்னொன்று நகர்ந்து வந்து அதோடு உரசும். பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கினால்தான் அந்த உரசல் தீரும், ஆனால் தீர்வதற்குள் வேறொரு குரலில் அடுத்த உரசல் கிளம்பிவிடும். 1590களில், கத்தோலிக்கத் திருப்பலிக்குத் தடை இருந்த இங்கிலாந்தில், வீடுகளுக்குள் மறைவாகப் பாட அச்சான இசை இது. அந்த வேண்டுதல் வெறும் சடங்கு இல்லை.

பாடுவது எப்படி என்றால், அன்று ஒவ்வொருவர் கையிலும் தன் குரலுக்கான ஏடு மட்டும்தான், அதில் தாளத்தைப் பிரிக்கும் கோடுகூடக் கிடையாது, அதனால் மற்றவர்களைக் காதால் கேட்டே பாட வேண்டும். இன்றும் நல்ல குழுக்கள் குரல் நடுக்கத்தைக் குறைத்து, லத்தீன் சொல்லின் அழுத்தம் விழும் இடத்தில் வரியை லேசாக உயர்த்தி, தன் முறை முடிந்ததும் அடுத்த குரலுக்கு வழிவிட்டு அடங்குவார்கள்.

குரலுக்கு ஒருவர் மட்டும் பாடிய பதிவைத் தேடுங்கள். ஒருமுறை அடிக்குரலை மட்டும் விடாமல் பின்தொடருங்கள்.